கொழுக்கட்டைப் புல்லை இனங்காணும் வகை

நெல்லின் வகையறிந்து விதைக்கும் குடியானவர் பலர், தமது மேய்ச்சல் நிலத்துப் புல்லின் வகையை அறிவதில்லை. இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. கொழுக்கட்டைப் புல்லைக் களையென எண்ணி உழுதுவிட்டால், பல்லாண்டு நின்று உதவும் தீவனம் ஒரே நாளில் அழிந்துபோம்.

ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியா, இந்தியா ஆகியவற்றின் வறண்ட நிலங்களே இப்புல்லின் இயற்கையான இருப்பிடம். தமிழ்நாட்டில் காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பக்கத்துக் கொறங்காடுகள் இதற்குப் பெயர்பெற்றவை. முள்கிளுவை வேலியும் வெள்வேல மரமும் உடைய அக்காடுகளில் காங்கேய மாடுகள் இதனை மேய்ந்து வளர்கின்றன. நீர் வடியும் செம்மண்ணும், சரளையும், சுண்ணாம்பு கலந்த நிலமும் இதற்கு ஏற்றவை; நீர் பலநாள் தேங்குமிடத்தில் இது நிலைக்காது. ஆகவே, கொள்ளிடத்திற்கு வடக்கேயுள்ள விக்கிரமங்கலம் முதலிய கிராமத்தார் இதனைத் தேடவேண்டிய இடம் ஏரியின் உட்பரப்பன்று. மேட்டுப் புன்செய்யும் மேய்ச்சல் புறம்போக்குமேயாம்.

இலையை மாத்திரம் கண்டு இனத்தைத் துணிதல் கூடாது. வடகிழக்குப் பருவமழையில் தழைத்துக் கதிர் வாங்கியிருக்கும் சமயமே தக்கது. அடையாளங்கள் வருமாறு:

1. தூர் கட்டி வளரும். உயரம் 30 முதல் 100 சென்டிமீட்டர். அடித்தண்டு சற்றுப் பருத்திருக்கும். பழைய காய்ந்த தாள்களினிடையே புதுத் தளிர் எழும்.

2. வேர் ஆழமானது, பிடுங்கினால் எளிதில் வராது.

3. கதிர் நரிவால் போல் உருண்டு, வைக்கோல் நிறமாகவோ ஊதா கலந்தோ இருக்கும். கையால் உருவினால் மிருதுவாயிருக்கும், குத்தாது.

4. வித்து உதிர்ந்தபின் கதிர்க்காம்பு வளைந்து வளைந்து தோன்றும்.

இவ்வினத்திலேயே ஓராண்டில் மடியும் முட்புல் ஒன்றுண்டு. அதன் முட்கள் பின்னோக்கிய கொக்கிகளுடையவை. ஆடையிலும் ஆட்டு மயிரிலும் ஒட்டிக்கொள்ளும். அதனை இதுவென மயங்கலாகாது.

இனங்கண்ட நிலத்தில் வித்து முற்றி உதிரும்வரை கால்நடைகளை விடாதிருத்தல் நலம். சேகரித்த புதுவித்து உடனே நன்கு முளைக்காது. சில மாதம் உலர்வாக வைத்திருந்து மழைத் தொடக்கத்தில் மேலாகத் தூவவேண்டும். புறம்போக்கை உழுவதற்கோ மரம் நடுவதற்கோ ஒதுக்குமுன், கிராம அதிகாரிகள் கதிர்க்காலத்தில் ஒருமுறை நேரிற் பார்த்துத் தெளிதல் ஊர்க் கால்நடைகளுக்குப் பேருபகாரமாகும்.