மீந்த சாப்பாடு யாருக்கு?

கல்யாணம், காதுகுத்து, பொங்கல் விழா, அன்னதானம் என்று வெளிமாநிலத்தில் நாம் கூடும் இடமெல்லாம் சாப்பாடு உண்டு. முந்நூறு பேரை எதிர்பார்த்து நானூறு பேருக்குச் சமைப்பது நம் வழக்கம். வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது என்ற நல்ல எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் கடைசிப் பந்தி முடிந்ததும் அண்டாவில் நிற்கும் சாதத்தையும் சாம்பாரையும் என்ன செய்வது என்று யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 105 கோடி டன் உணவு வீணாயிற்று. இதில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலேயே வீணானது. இந்திய வீடுகளில் ஆளொன்றுக்கு ஆண்டுக்கு 55 கிலோ என்பது அவர்கள் மதிப்பீடு. தோல், எலும்பு போன்ற கழிவுகளும் இக்கணக்கில் அடங்கும்.

கொடுக்க மனமில்லாமல் உணவைக் கொட்டுபவர்கள் குறைவு. இரவு பத்தரை மணிக்கு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கொட்டுபவர்களே அதிகம். அதே நேரத்தில் சற்றுத் தொலைவில் ஓர் இரவுக் காப்பகத்தில் பசித்தவர்கள் இருப்பார்கள். இவ்விரு தரப்பாரையும் உரிய நேரத்தில் சேர்த்து வைப்பதே இணையத் தளங்களின் வேலை.

நம் நாட்டில் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. போர்ச்சுகலில் 'ரீ-ஃபுட்' என்ற அமைப்பின் பணியைக் கண்டு, 2014-இல் தில்லியில் சில இளைஞர்கள் 'ராபின் ஹூட் ஆர்மி'யைத் தொடங்கினார்கள். முதல் இரவில் சுமார் 150 பேருக்கு உணவளித்தார்கள். இவர்கள் பண நன்கொடை பெறுவதில்லை. நேரத்தையும் உணவையும் மட்டுமே கேட்கிறார்கள். அதே ஆண்டில் கோவையில் பத்மநாபன் கோபாலன் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' கல்யாண மண்டபங்களில் மீந்ததைச் சேகரித்து வழங்கியது. மும்பையில் முன்பு போலீஸ் கமிஷனராக இருந்த தமிழரான டி. சிவானந்தன், டப்பாவாலாக்களின் துணையோடு 2017 இறுதியில் 'ரொட்டி வங்கி'யை ஏற்படுத்தினார்.

இத்தகைய தளத்தின் அமைப்பு எளிமையானதே. என்ன உணவு, எத்தனை பேருக்கு, எத்தனை மணிக்குச் சமைத்தது, எங்கு வந்து எடுக்க வேண்டும் என்ற நான்கு விவரங்களைக் கொடுப்பவர் பதிவு செய்கிறார். அருகிலுள்ள தொண்டர்களின் கைபேசிக்குச் செய்தி போகிறது. ஒருவர் ஏற்றுக்கொண்டதும் மற்றவர்களுக்கு அது மறைந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே மண்டபத்துக்கு இரண்டு வண்டிகள் வந்து நிற்கும். பெற்றுக்கொள்ளும் காப்பகமும், எத்தனை பேருக்குத் தேவை என்பதை வண்டி புறப்படுமுன் உறுதி செய்ய வேண்டும்.

கடினமான பகுதி கணினிக்கு வெளியே இருக்கிறது. வண்டி, மூடியுள்ள பாத்திரங்கள், இரவில் வரக்கூடிய ஆட்கள் ஆகிய மூன்றும் வேண்டும். இரண்டு முறை அழைத்தும் யாரும் வராவிட்டால், மூன்றாம் முறை மண்டபக்காரர் அழைக்கமாட்டார். ஆகவே, நகரம் முழுவதையும் ஒரே நாளில் பிடிக்க முயல்வதைவிட ஒரு பேட்டை, நான்கைந்து மண்டபங்கள், இரண்டு காப்பகங்கள் என்று தொடங்குவதே புத்திசாலித்தனம்.

அடுத்தது உணவின் பாதுகாப்பு. சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது என்றும், சூடாக வைப்பதானால் 60 டிகிரி செல்சியசுக்கு மேலும், குளிரில் வைப்பதானால் 5 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. மீந்த உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி விதிமுறைகளை வெளியிட்டது.

நம் சமையலில் இதைச் சற்றுக் கவனித்தே பார்க்க வேண்டும். தேங்காய்ச் சட்னி, அவியல், மோர்க்குழம்பு ஆகியவை வெயில் காலத்தில் சீக்கிரம் ஊசிப்போகும். புளியோதரை அவற்றைவிடத் தாங்கும். இலையில் பரிமாறியது எச்சில். அதை ஒருவருக்கும் கொடுக்கலாகாது. அண்டாவிலேயே கைபடாமல் நிற்பது மட்டுமே கொடுக்கத் தக்கது. பசித்தவர் என்பதற்காக, நாம் உண்ணத் தயங்குவதை அவர் உண்ண வேண்டியதில்லை. நம் வீட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா என்று கேட்டுப் பார்ப்பதே சரியான சோதனை.

நம் சங்கங்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. விழாக் குழுவில் பந்தலுக்கும் மைக்குக்கும் ஆள் போடுவதுபோல, மீந்த உணவுக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கலாம். அவர் விழாவுக்கு இரண்டு நாள் முன்பே அமைப்பினரிடம் பேசி வைக்க வேண்டும். கடைசிப் பந்தி உட்காரும்போதே, பந்தி முடியும்வரை காத்திராமல், மீதியைக் கணக்கிட்டுச் செய்தி அனுப்ப வேண்டும். அந்த அரைமணி நேரம்தான் சாம்பார் ஒரு குழந்தையின் தட்டுக்குப் போகிறதா, சாக்கடைக்குப் போகிறதா என்பதைத் தீர்மானிக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வருவோர் எண்ணிக்கையை முன்பே கேட்டறிந்து அளவாகச் சமைப்பது நல்லது. அதற்கு மேலும் மீந்தால், அது சூடாக இருக்கும்போதே கொடுத்துவிடுவோம்.