சன்னலுக்குள் நகரும் நாடு

திரையில் ஓடும் விளையாட்டுகளில் சிறுவர்கள் ஈடுபட்டிருப்பதை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். ஓர் உருவம் வலப்புறம் நோக்கி ஓடுகிறது. அது ஓட ஓட, மேடும் பள்ளமும் செங்கற்சுவரும் இடப்புறமாக நழுவி மறைகின்றன; வலப்புறத்தில் புதிய நிலம் தோன்றிக்கொண்டே இருக்கிறது. நீண்ட ஓவியச் சுருள் ஒன்றை யாரோ உருட்டுவது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஆயின் அங்கே சுருள் ஏதும் இல்லை. இருப்பவை எண்கள் நிறைந்த ஓர் அட்டவணையும், வகுத்தற் கணக்கு ஒன்றுமேயாகும். அக்கணக்கு ஐந்தாம் வகுப்பு மாணவனுக்கும் எட்டக்கூடியது.

ஓவியச் சுருளை ஏன் அப்படியே சேமித்து வைக்கலாகாது என்பது முதலில் எழும் வினா. இதற்கு விடை காண, ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபாமிகாம் என்னும் சாதனத்தை எடுத்துக்கொள்வோம். அதன் திரைப்படம் 256 புள்ளி அகலமும் 240 புள்ளி உயரமும் உடையது. ஆக 61,440 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு நிறங்களுள் ஒன்றைக் குறிப்பதானாலும், ஒரு திரைக்கு 15,360 பைட் இடம் வேண்டும். அச்சாதனத்தில் படத்திற்கென அமைந்த நினைவகமோ வெறும் 2,048 பைட். ஒரு திரைக்கே இடமில்லாத இடத்தில் ஒரு நாட்டையே காட்டவேண்டியிருந்தது.

தரையில் டைல் பதிப்பவரின் முறையே இதற்கு வழியாயிற்று. 8 புள்ளி நீளமும் 8 புள்ளி அகலமும் கொண்ட சிறு சதுரங்களாகப் படத்தைப் பிரித்து, அச்சதுர வடிவங்களை மட்டும் கார்ட்ரிட்ஜில் ஒருமுறை பதித்து வைத்தனர். பின்னணிக்கு 256 வடிவங்கள். ஒவ்வொன்றுக்கும் 16 பைட். திரையில் எந்த இடத்தில் எந்த டைல் என்பதை ஓர் எண் குறித்துவிடும். ஒரு திரைக்கு 32 பத்தி, 30 வரிசை. ஆக 960 எண்கள். நிறத்தைக் குறிக்க மேலும் 64 பைட். மொத்தம் 1,024. முன்பு ஒரு திரைக்கே போதாத நினைவகத்தில் இப்போது இரண்டு திரைகள் அடங்கிவிட்டன! 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் என்னும் புகழ்பெற்ற விளையாட்டு, செயல்நிரல் படங்கள் அனைத்தும் சேர்த்து 40 கிலோபைட் அளவினதே. அதில் வானத்து மேகமும் தரைமேலுள்ள புதரும் ஒரே டைல்கள்தாம். நிறம் மட்டுமே வேறு. சிக்கனம் என்றால் இதுவன்றோ சிக்கனம்!

இனி நகர்த்தும் முறையைக் காண்போம். விளையாட்டின் நிலப்பரப்பு முழுவதையும் ஒரு பெரிய வரைபடமாகவும், திரையை அதன்மேல் நகரும் சன்னலாகவும் கருதவேண்டும். சன்னலின் இடது ஓரம் வரைபடத்தின் தொடக்கத்திலிருந்து 203 புள்ளி தொலைவில் உள்ளதாகக் கொள்வோம். எளிமைக்காக டைலின் அகலம் 16 புள்ளி என்க. 203ஐ 16ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 11. ஈவு, எந்தப் பத்தியிலிருந்து வரையத் தொடங்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. மீதி, அப்பத்தியை எத்தனை புள்ளி இடப்புறம் தள்ளி வைக்கவேண்டும் என்பதைச் சொல்கிறது. பத்திகளைச் சுழியிலிருந்து எண்ணுவது இத்துறையின் வழக்கம். ஈவை மட்டும் கொண்டு வரைந்தால் படம் டைல் டைலாகத் துள்ளும். மீதியையும் சேர்த்தால்தான் வழுவழுவென்று நகரும்.

தொடக்கநிலையாளர் இவ்விடத்தில் இரு பிழைகள் செய்வதுண்டு. 256 புள்ளித் திரைக்கு 16 பத்திகள் போதும் என்று எண்ணுவது முதலாவது. மேற்காட்டிய நிலையில் சன்னலின் வலது ஓரப் புள்ளி 458. அது 28ஆம் பத்தியில் விழுகிறது. 12 முதல் 28 வரை எண்ணினால் 17 பத்திகள். ஒன்று குறைந்தால் திரையின் வலது ஓரத்தில் வெற்றுப்பட்டை தோன்றித் தோன்றி மறையும். இரண்டாவது பிழை இன்னும் நுட்பமானது. வரைபடத்தின் தொடக்கத்துக்கு இடப்புறத்தே உள்ள −5 என்னும் இடத்தை 16ஆல் வகுத்தால், சி போன்ற கணினி மொழிகள் ஈவு 0, மீதி −5 என்று விடை தரும். பைத்தான் மொழியோ ஈவு −1, மீதி 11 என்னும். டைல் கணக்குக்கு ஏற்றது பின்னதே. முன்னதைக் கொண்டால் எல்லையின் இருபுறமும் சுழி என்ற ஒரே பத்தி எண்ணைப் பெற, விளையாட்டு வீரன் இல்லாத சுவரில் முட்டி நிற்பான்.

வகுப்பில் இதைக் காட்டக் கணினி தேவையில்லை. கட்டம் போட்ட நீண்ட தாளில் வானத்திற்கு 0, மண்ணுக்கு 1, செங்கலுக்கு 2 என எண்களை நிரப்பி, நடுவே சன்னல் வெட்டிய அட்டையை அதன்மேல் நகர்த்தினால் போதும். அட்டையை அரைக்கட்டம் நகர்த்தும்போது ஒரு பத்தி கூடுதலாகத் தெரிவதை மாணவர்களே கண்டு சொல்வர்.

ஃபாமிகாமுக்குத் திரும்புவோம். அதன் படச்சில்லு திரையை வரைந்துகொண்டிருக்கும்போது பட நினைவகத்தில் எழுதுதல் இயலாது. எழுதினால் படம் கலைந்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறு இடைவெளி உண்டு. நொடிக்குச் சுமார் 60 படங்கள் ஓடும் அச்சாதனத்தில் அவ்விடைவெளி ஏறத்தாழ 2,270 செயற்சுழற்சிகளே. நகரும் உருவங்களைப் புதுப்பிக்க அதில் 500க்கு மேல் கழிந்துவிடும். ஒரு பைட்டை எடுத்து எழுதச் சுமார் 8 சுழற்சி ஆகுமெனில், 960 எண்களையும் மாற்றி எழுத 7,680 வேண்டும். எனவே முழுத் திரையையும் அந்த ஓர் இடைவெளியில் மாற்றி எழுதுவது இயலாத காரியம்.

ஆனால் சன்னல் 8 புள்ளி நகரும்போது புதிதாக வேண்டுவது ஒரே பத்தி, அதாவது 30 எண்களே. 240 சுழற்சிகளில் முடிந்துவிடும். நினைவகத்திலுள்ள இரு திரைகளும் அடுத்தடுத்து 64 பத்திகளாக அமைந்துள்ளன. கண்ணுக்குத் தெரியும் பகுதிக்கு வலப்புறம் மறைந்துள்ள பத்தியில் புதிய நிலத்தை எழுதிவிடுவர். 64 தீர்ந்ததும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்குவர். வரைபடத்தின் 70ஆம் பத்தி நினைவகத்தின் 6ஆம் பத்தியில் அமரும். இங்கும் மீதிக் கணக்கே! சூப்பர் மாரியோவில் திரை பின்னோக்கி நகர்வதில்லை; ஆதலால் வலப்புறம் மட்டும் எழுதினால் போதும்.

இத்தகைய டைல் வசதி அக்காலத்து அலுவலகக் கணினிகளில் இல்லை. 1984இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய ஈ.ஜி.ஏ. அட்டையில் 320க்கு 200 புள்ளி கொண்ட படத்திற்கு 32,000 பைட் வேண்டும். புள்ளிதோறும் மாற்றி எழுதினால் வேகம் கெட்டது. 1990இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் பணியாற்றிய ஜான் கார்மாக் என்னும் இளைஞர் ஒரு வழி கண்டார். திரையைவிடச் சற்றுப் பெரிய பரப்பை நினைவகத்தில் வரைந்துகொண்டு, ஒரு டைல் அளவுவரை சன்னலை மட்டும் அட்டையின் உதவியால் நகர்த்தினார். பின்னர் ஒவ்வோர் இடத்திலும் முன்பிருந்த டைலையும் வரவேண்டிய டைலையும் ஒப்பிட்டு, வேறுபட்டவற்றை மட்டும் வரைந்தார். வானம் பரந்த இடங்களில் ஒரே டைல் அடுத்தடுத்து வருவதால் பெரும்பகுதி வேலை மிச்சமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்த கமாண்டர் கீன் இம்முறையில் அமைந்ததே.

களப்பணியாளர் கைப்பேசியில் விரித்துப் பார்க்கும் நிலப்படமும் பெரும்பாலும் இவ்வகையினதே. அதில் டைல் என்பது வழக்கமாக 256 புள்ளிச் சதுரம். சுழி நிலையில் உலகம் முழுவதும் ஒரு டைல். அடுத்த ஒவ்வொரு நிலையிலும் ஒன்று நான்காகும். 18ஆம் நிலையில் ஒரு பக்கத்துக்கு 2,62,144 டைல்கள். அந்நிலையில் நிலநடுக்கோட்டருகே ஒரு டைல் ஏறத்தாழ 153 மீட்டர் பக்கமுள்ள நிலத்தைக் காட்டும். வடக்கே செல்லச் செல்ல இவ்வளவு குறையும். கைப்பேசி தனக்குத் தெரியும் சில டைல்களையே கேட்டுப் பெறுகிறது. எனவே அலைவரிசை எட்டாத மலைக்கிராமத்துக்குச் செல்பவர் புறப்படுமுன்னரே டைல்களை இறக்கிவைக்காவிடில், அங்கே அவர் காண்பது சாம்பல்நிறக் கட்டங்களே. 5 கிலோமீட்டர் பக்கமுள்ள சதுரப் பரப்புக்கு, நிலநடுக்கோட்டருகே 18ஆம் நிலையில் மட்டும் ஏறத்தாழ 1,100 டைல்கள் வேண்டும். அதற்குக் கீழுள்ள நிலைகள் அனைத்தையும் சேர்த்தாலும் கூடுவது அதில் மூன்றிலொரு பங்களவே. 19ஆம் நிலையையும் விரும்பினாலோ அதற்கு மட்டும் 4,400 ஆகும். கைப்பேசியில் எஞ்சியுள்ள இடத்தைப் பார்த்தே எந்த நிலையோடு நிறுத்துவது என்று முடிவு செய்யவேண்டும்.