இதயத்தில் ஒரு நடவு

திருவையாற்று வயல்களில், நாற்றின் வேரை அசோஸ்பைரில்லம் கரைசலில் நனைத்து நடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். இதயத் தசைநோய்க்கும் இது போன்றதொரு முறை ஆராயப்பட்டு வருகிறது.

தோல் கிழிந்தால் மீண்டும் வளர்ந்து மூடிக்கொள்கிறது. இதயத் தசை அப்படியன்று. 25 வயதில்கூட, ஆண்டுக்கு அதன் உயிரணுக்களில் நூற்றில் ஒன்றே புதிதாகிறது. எனவே, அழிந்த இடம் தழும்பாகிவிடுகிறது. அங்கே வேறு உயிரணுக்களை ஊன்றினால் என்ன? குருதியோட்டம் குறைந்த அவ்விடத்தில் பெரும்பாலானவை சில நாட்களில் மடிந்துவிடுகின்றன.

இங்கேதான் மரபணு துணைக்கு வருகிறது. அமெரிக்க ஆய்வாளர்கள், உயிரணுவைச் சாகாமல் காக்கும் ‘ஏகேடி’ என்னும் மரபணுவை எலும்பு மஜ்ஜை உயிரணுக்களில் புகுத்தி, மாரடைப்புக்குள்ளான எலிகளின் இதயத்தில் செலுத்தினர். இதயம் பெருமளவு திறன் பெற்றதை 2003-இல் வெளியிட்டனர். நட்டவை தசையாக மாறியதைவிட, அவை சுரந்த பொருள்களே எஞ்சிய தசையைக் காத்தன என்பது பின்னர் புலனாயிற்று.

இதில் நமக்குத் தனி அக்கறை உண்டு. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டால் தசைநோயின் இடர் கூடுகிறது. இந்தியரில் நூற்றுக்குச் சுமார் நால்வரிடம் இப்பிழை உள்ளதென 2009-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட குழுவினர் கண்டனர்.

மரபணு சேர்த்த உயிரணுவை நோயாளிக்கே திருப்பித் தரும் முறை, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குருதி உறையாமை நோயாளர் ஐவருக்குப் பலன் தந்தது. முடிவு 2024-இல் வெளிவந்தது. இதயத்திற்கோ இது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. சாவைத் தடுக்கும் மரபணுவின் செயல் அளவு மீறினால் புற்று உண்டாகலாம். உரம் மிகுந்தால் பயிர் சாய்ந்துவிடும் அல்லவா?