அடுத்த நாயைக் கண்டாலே பாயும் நாய்: வளர்ப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஆறேழு மாதம் வரை எந்த நாயைப் பார்த்தாலும் வாலாட்டிக்கொண்டு ஓடிய கடுவன் குட்டி, ஒரு வயதை நெருங்கும்போது ஆளே மாறிவிடுகிறது. தெருமுனையில் பழக்கமில்லாத நாய் தென்பட்டால் போதும், சங்கிலியை இழுத்துக்கொண்டு பாய்கிறது. "நல்லாத்தானே இருந்தான், இப்ப ஏன் இப்படி?" என்ற கேள்வி கால்நடை மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கிறது. சில வீடுகளில் இதையே காவல் குணம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தப் பாய்ச்சலுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது பயம், இல்லையென்றால் கட்டப்பட்டிருப்பதால் வரும் தவிப்பு. இதைப் புரிந்துகொள்ளாத வரை எந்த வைத்தியமும் பலிக்காது.

குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரைதான் அதன் மனம் புதிய மனிதர்களையும் பிற நாய்களையும் எளிதாக ஏற்றுக்கொள்ளும் காலம். நம் வீடுகளில் பல குட்டிகள் அந்தக் காலத்தை மொட்டை மாடியிலோ கூண்டிலோ கழிக்கின்றன. பிறகு ஒருநாள் நேரே தெருவுக்கு வருகின்றன. அங்கே ஒவ்வொரு தெருநாய்க் கூட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நாலு நாய்கள் சூழ்ந்து குரைக்கும்போது சங்கிலியில் இருக்கும் நாய்க்கு ஓடவும் வழியில்லை. அதனால் முந்திக்கொண்டு குரைக்கிறது. எதிர் நாய் தன் வழியே போய்விடும். ஆனால் இதுவோ, குரைத்துத்தான் அதை விரட்டினோம் என்று கற்றுக்கொள்கிறது. பருவ வயதின் ஹார்மோன் இதைத் தூண்டுகிறது. ஒன்று முதல் மூன்று வயதுக்குள் நாய் மனதளவில் முழுதாக வளரும்போது, இந்தப் பழக்கமும் கூடவே கெட்டிப்பட்டுவிடும்.

பாய்ச்சலுக்குச் சில நொடிகள் முன்பே உடல் சொல்லிவிடும். அதுவரை திறந்திருந்த வாய் சட்டென்று மூடும். காது முன்னால் குவியும். உடம்பின் பாரம் முன்னங்காலுக்கு வரும், வால் விறைத்து நிற்கும், கண் இமைக்காமல் எதிர் நாயின் மீதே நிலைக்கும். முதுகு மயிர் சிலிர்க்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது. வாய் மூடிய அந்தக் கணத்திலேயே திரும்பி நடங்கள்.

பலரும் செய்வது இதற்கு நேர்மாறானது. சங்கிலியை இறுக்கிச் சுண்டுகிறார்கள், அதட்டுகிறார்கள், குச்சியால் ஒன்று வைக்கிறார்கள். கழுத்தை நெரிக்கும் சங்கிலியையும் மின்னதிர்ச்சி தரும் பட்டையையும் பரிந்துரைக்கும் பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் உங்கள் நாயை ஒப்படைக்காதீர்கள். வேறு நாய் வரும்போதெல்லாம் கழுத்தில் வலி வந்தால், அந்த நாயால்தான் வலி என்றே உங்கள் நாய் முடிவுகட்டும். உறுமியதற்கு அடித்தால் கோபம் போகாது, உறுமல் மட்டும் போய்விடும். எச்சரிக்காமல் கடிக்கும் நாய்கள் பல இப்படி உருவானவைதான்.

பலன் தருவது தூரமும் தீனியும். வேறு நாயைப் பார்த்தும் உங்கள் நாய் பதறாமல் நிற்கும் தூரம் எது என்று கண்டுபிடியுங்கள். ஐம்பது அடியாக இருந்தாலும் சரி, அங்கிருந்தே தொடங்குங்கள். எதிர் நாய் கண்ணில் பட்டதும் வேகவைத்த கோழி, ஈரல் என்று அதற்கு உயிரான எதையாவது சிறு துண்டுகளாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். எதிர் நாய் மறைந்ததும் நிறுத்துங்கள். நாளடைவில் வேறு நாயைக் கண்டால் அது உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கும். அதன் பிறகுதான் தூரத்தைக் குறைக்க வேண்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. இதற்கு வாரக்கணக்கில், சில நாய்களுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒருநாள் மோதல் நேர்ந்துவிட்டால் அடுத்த ஓரிரு நாள் வெளியே அலைக்கழிக்காதீர்கள். அந்தப் படபடப்பு உடம்பில் உடனே அடங்காது.

கூடை வடிவ வாய்மூடி ஒன்றை வீட்டிலேயே பழக்குங்கள். உள்ளே கொஞ்சம் தயிர்ச்சோறு வைத்தால் நாய் தானே மூக்கை நுழைக்கும். அதைப் போட்டுக்கொண்டும் நாய் மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒருமுறை கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காதுப் புண்ணோ மூட்டு வலியோ இருந்தாலும் நாய் சீறும். காயடித்தால் எல்லாம் சரியாகும் என்று நம்ப வேண்டாம். ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் சிறுநீர் விடுவதும் பொதுவாகக் குறையும். பயத்தால் சீறும் நாய்க்கு அது உதவாமலும் போகலாம், சிலவற்றில் பயம் கூடவும் செய்யலாம். மருத்துவரோடு பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

நாய்கள் கவ்விக்கொண்டால் நடுவில் கையை விடாதீர்கள். வளர்த்தவரே கடிபடுவது அப்போதுதான். ஒரு வாளித் தண்ணீர், பெரிய சத்தம், இடையே தள்ள ஒரு பலகை, இவற்றில் எது கிடைத்தாலும் போதும். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி போட்ட நம் நாய்தானே என்று இருந்துவிடக் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். கடிபட்ட நாய்க்கும் மருத்துவரின் ஆலோசனைப்படி மறு தடுப்பூசி போட வேண்டும்.

சட்டம் இரு பக்கமும் பேசுகிறது. தன் வசமுள்ள விலங்கால் மனிதருக்கு ஆபத்து நேரும்படி அலட்சியமாக இருந்தால், பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். உங்கள் நாய் இன்னொருவரின் நாயைக் குதறினால் சிகிச்சைச் செலவைக் கேட்டு அவர் உரிமையியல் வழக்குத் தொடரலாம். சென்னையில் மாநகராட்சி உரிமம் எடுப்பதும் கட்டாயம். வேடிக்கைக்காக நாயை நாய்மேல் ஏவிவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். நாயைக் கட்டியே போட்டு நடக்கவிடாமல் வைத்திருப்பதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

அதே நேரம், நாய் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடைபோட முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. யாரேனும் உங்கள் நாயை முடமாக்கினாலோ விஷம் வைத்துக் கொன்றாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின் கீழ் புகார் கொடுங்கள்; ஐந்து ஆண்டு வரை சிறைக்கு அதில் இடமுண்டு.

சமாளிக்க முடியாமல் நாயைக் காரில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வருபவர்களும் இருக்கிறார்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி அதுவும் குற்றம், ஆனால் முதல் முறைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். இந்தத் தொகையைத் திருத்த வேண்டும் என்று நாம் உரக்கக் கேட்க வேண்டும். அதுவரை வளர்ப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள்: முதல் உறுமலைக் கேட்ட வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள், முதல் கடிக்காகக் காத்திருக்காதீர்கள்.