இலவச வைத்தியம் என்றால் சோசலிசமா?

கோபாலபுரத்துக்காரர்களுக்கு ராயப்பேட்டை அரசு மருத்துவமனை கூப்பிடு தூரம். ஓ.பி. சீட்டு, டாக்டர், மாத்திரை எதற்கும் காசு கிடையாது. ‘இப்படி எல்லாருக்கும் கொடுத்தால் நாடு சோசலிச நாடாகிவிடாதா?’ என்று கேட்பவர்கள், அங்கே தரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்கலாம். அரசு விநியோகம், விற்பனைக்கல்ல என்று அச்சடித்திருக்கும். பக்கத்திலேயே தயாரித்த கம்பெனியின் பெயர். பெரும்பாலும் அது தனியார் கம்பெனி. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. மாத்திரை செய்பவருக்கு லாபம், சாப்பிடுபவருக்கு இலவசம்.

ஆலையும் நிலமும் வங்கியும் பொதுவுடைமையாக இருந்தால் அது சோசலிசம். ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது என்பது வேறு கணக்கு. ஜெர்மனியின் பிஸ்மார்க் 1878-ல் சோசலிஸ்டுகளை ஒடுக்கச் சட்டம் போட்டவர். அவரேதான் 1883-ல் தொழிலாளர்களுக்கு நோய்க் காப்பீட்டைக் கொண்டுவந்தார், அவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாதே என்று! கனடாவில் டாக்டர்களில் பெரும்பாலோர் தனியாகத் தொழில் செய்பவர்கள். பில் மட்டும் அரசுக்குப் போகும். பிரிட்டன் 1948-ல் மருத்துவமனைகளையே அரசுடைமை ஆக்கியது உண்மைதான். ஆனால் லண்டன் பங்குச் சந்தையை யாரும் மூடவில்லை. நாமோ 1976-லேயே அரசியல் சாசன முகவுரையில் ‘சோசலிச’ என்று சேர்த்துக்கொண்டோம். ஆபரேஷனுக்கு நகையை அடகு வைப்பது மட்டும் நிற்கவில்லை.

கோபாலபுரத்தில் வாழ்ந்த கலைஞர் கருணாநிதி, தம் வீட்டையே பிற்காலத்தில் ஏழைகளுக்கான மருத்துவமனையாக்க 2010-ல் எழுதிக்கொடுத்தவர். அதற்கு முந்தைய ஆண்டு அவர் தொடங்கிய காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியம் கட்டியது அரசு, காப்பீடு செய்தது ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம். 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் திட்டம் பெயர் மாறி, பொதுத்துறையான யுனைடெட் இந்தியாவிடம் போனது. ஆனாலும் அட்டையை நீட்டினால் தனியார் ஆஸ்பத்திரியிலும் சிகிச்சை உண்டு.

என்னைக் கேட்டால், இங்கே சண்டை போட வேண்டிய விஷயம் வேறு. ஒரு இதய ஆபரேஷனுக்கு அரசு தரும் பணம் தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம், ராயப்பேட்டை மாதிரி இடத்துக்கும் வரலாம். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் இருக்கின்றன. அங்கே வந்தால் அது கருவியாகவும் கட்டிலாகவும் தங்கும். சளி, காய்ச்சலுக்கு வருகிறவர்களுக்கும் உதவும். அவர்களுக்கு எந்தக் காப்பீட்டு அட்டையும் தேவைப்படாது.