அரிசியும் ஆராய்ச்சியும்

மக்கள் நலத்தைக் காக்கக் கடமைப்பட்ட அரசு, ஒன்றைக் கொள்ளவும் மற்றொன்றைத் தள்ளவும் எதனை ஆதாரமாகக் கொள்ள வேண்டும்? நெடுநாள் வழக்கத்தையா? பெரியோர் கருத்தையா? அல்லது எண்ணியும் ஒப்பிட்டும் கண்ட உண்மையையா? இவ்வினாவுக்கு மலாயா மண்ணிலேயே விடை கிடைத்தது. பெரிபெரி நோயின் வரலாறே அவ்விடை.

கால் மரத்துப்போதல், நடை தளர்தல், உடல் வீங்குதல், முடிவில் இதயம் ஓய்ந்துபோதல் ஆகியவை இந்நோயின் குறிகள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் இதற்கு இரையாயினர். இது தொற்றுநோய் என்றனர் சிலர். நிலத்தின் ஈரத்தாலும் குடியிருப்பின் கேட்டாலும் வருவது என்றனர் வேறு சிலர். ஆனால் அதே நாட்டில், அதே வெப்பத்தில் உழைத்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. இது இனத்தின் இயல்போ என்று எண்ணவும் இடமிருந்தது.

நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் வேறொன்றைக் கவனித்தார். சீனர் உண்டது, ஆலையில் தீட்டப்பட்டுச் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி. மலாய்க்காரர் உண்டது, அவ்வப்போது வீட்டில் குற்றிய அரிசி. தமிழர் உண்டதோ புழுங்கலரிசி. வேறுபாடு இரத்தத்தில் இல்லை, உலையில் இருக்கிறது என்பதே அவர் கருத்து. 1907இல் அதனை நூலாகவும் வெளியிட்டார். எனினும் கருத்து வேறு, சான்று வேறு.

சான்றைத் தேடியவர் கோலாலம்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஃபிளெட்சர். அங்கிருந்த மனநோயாளர் மருத்துவமனையில் 1905ஆம் ஆண்டில் பெரிபெரி பலரைக் கொன்றது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நோயாளரை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றை எண்ணினர் ஒரு விடுதிக்கும் இரட்டை எண்ணினர் மற்றொரு விடுதிக்கும் அனுப்பப்பட்டனர். உணவில் இருந்த வேறுபாடு ஒன்றே: முன்னவர்க்கு வெள்ளைப் பச்சரிசி, பின்னவர்க்குப் புழுங்கலரிசி. கட்டடமே நோய்க்குக் காரணமோ என்ற ஐயத்தைப் போக்க, இடையில் இரு சாராரும் விடுதி மாற்றப்பட்டனர். ஓராண்டு முடிவில், ஏறத்தாழ 120 பேர் கொண்ட பச்சரிசிப் பிரிவில் நாலில் ஒரு பங்கிற்கு மேற்பட்டோர் நோயுற்றனர்; 18 பேர் மாண்டனர். ஏறத்தாழ அதே அளவினதான புழுங்கலரிசிப் பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் மாளவில்லை.

இம்முடிவு பெரிது, அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அந்த 18 பேரும் தம் உடன்பாட்டைத் தெரிவிக்கும் நிலையில் இல்லாதவர்கள். இன்றைய மருத்துவ அறம் இத்தகைய சோதனையை ஒப்பாது. அவர்களால் பெற்ற அறிவைப் பயன்படுத்தாது விடுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதியாகும்.

ஃபிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலிருந்து இப்பணியைத் தொடர்ந்தனர். ஜெலெபு பகுதிக் காட்டில் சாலை அமைத்த சாவகத் தொழிலாளர் சுமார் 300 பேரை இரு பிரிவாக்கி ஆராய்ந்தனர். வெள்ளை அரிசி உண்டவரிடையே சில மாதங்களில் நோய் தோன்றியது. அரிசியை மாற்றிக் கொடுத்தபோது நோயும் பிரிவு மாறியது. தீட்டும்போது கழியும் தவிட்டிலேயே காக்கும் பொருள் உள்ளதென அவர்கள் உணர்ந்தனர். அப்பொருளின் பெயர் அன்று எவர்க்கும் தெரியாது. ஆயினும், அரிசி எவ்வளவு தீட்டப்பட்டது என்பதை அதிலுள்ள பாஸ்பரசின் அளவைக் கொண்டு அறியலாம் என்று வழிகாட்டினர்.

1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு நாடுகளின் வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியையே தொடர்ந்து உண்பதற்கும் பெரிபெரிக்கும் தொடர்புண்டு என ஏற்றது. அவ்வாண்டே பிலிப்பைன்சின் அரசாங்க நிலையங்களில் அவ்வரிசி விலக்கப்பட்டது. வைட்டமின் பி1 தனியே பிரித்தெடுக்கப்பட்டதோ 1926இல்தான். நெல்லை அவிக்கும்போது அச்சத்து தவிட்டிலிருந்து அரிசிமணிக்குள் இறங்கிவிடுவதால், பின்னர்த் தீட்டினாலும் பெரும்பகுதி தங்குகிறது. காரணம் முழுதும் விளங்கும் வரை காத்திராமல், சான்று கிடைத்தவுடன் செயற்பட்டதால் அந்த 16 ஆண்டுகளில் உயிர்கள் பல பிழைத்தன. மாறாக, சப்பானியக் கடற்படை 1880களிலேயே உணவை மாற்றி நோயை விரட்டியிருந்தும், தரைப்படை மருத்துவத் தலைவர்கள் அதனை ஏற்கத் தயங்கினர். 1904–05 போரில் அப்படை வீரர் 20,000 பேருக்கு மேல் பெரிபெரியால் மடிந்தனர்.

ஆயினும் அரசாணை சமையற்கட்டுவரை செல்லாது, செவிலியே செல்கிறார். அரிசியைப் பலமுறை களைந்தாலும், கஞ்சியை வடித்துக் கொட்டினாலும் பி1 நீரோடு போய்விடும். தாயிடம் அச்சத்து குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தளதளவென்றிருந்த சேயும் திடீரென மாளும். 1980களின் பிற்பகுதியில் தாய்லாந்து எல்லையில் இருந்த கரென் அகதிகளிடையே இக்கேடு கண்டறியப்பட்டது. பி1 கொடுக்கத் தொடங்கிய பின்னர், அங்குக் குழந்தைச் சாவு பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கம்போடியா, லாவோஸ் நாடுகளிலும் இந்நோய் இன்னும் முற்றாக அகலவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு விதிக்கும் கடும் பத்தியம் இதற்கு ஒரு காரணம். பத்தியத்தைப் பழிக்கும் செவிலிக்குக் கதவு அடைபடும். அதனை மதித்து, அதற்குள்ளேயே சத்துள்ள உணவைக் காட்டுபவர்க்குக் கதவு திறக்கும்.

எண்ணிக் காண்பது ஆராய்ச்சி. கண்டதை ஆணையாக்குவது ஆட்சி. ஆணையை அன்றாட வழக்கமாக்குவது செவிலியர் தொண்டு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும்.