கொல்கத்தா–அகர்தலா: ஒரு மணி நேரமும் ஒன்றரை நாளும்

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தொலைவு யாது என்ற கேள்விக்கு ஒரே விடைதான் உண்டு எனப் பொதுவாக எண்ணுகிறோம். மேற்கு வங்காளத்தின் தலைநகரான கொல்கத்தாவுக்கும் திரிபுராவின் தலைநகரான அகர்தலாவுக்கும் இது பொருந்தாது. வான்வழியே இவற்றின் இடைத்தொலைவு சுமார் 320 கி.மீ. மட்டுமே. இந்திய மண்ணின் வழியே ரயிலில் சென்றாலோ 1,500 கி.மீ.க்கு மேல் கடக்க வேண்டும். விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள்.

விமானப் பயண நேரம் கணக்கிடப்படும் முறையை இங்குக் கூறுதல் தகும். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஜெட் விமானம் 320 கி.மீ. தொலைவை 24 நிமிடங்களில் கடந்துவிட வேண்டும். ஆனால் ஓடுபாதைக்கு நகர்தல், மேலெழுதல், வேகம் குறைத்துக் கீழிறங்குதல், இறங்க அனுமதி பெறுதல் ஆகியவையும் அட்டவணை நேரத்தில் அடங்கும். குறுகிய பயணங்களில் இவற்றின் பங்கே மிகுதியாகும்.

தரைவழி இவ்வளவு நீண்டதற்குக் காரணம் 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையாகும். அதற்கு முன்னர், அகர்தலாவை அடுத்துள்ள அகௌரா ரயில் நிலையமே திரிபுராவின் வாயிலாக விளங்கியது. புதிய எல்லை அதனை அயல்நாட்டில் வைத்தது. அதன் பின்னர் மக்களும் சரக்குகளும் சிலிகுரியை ஒட்டிய குறுகிய நிலப்பகுதி வழியாக அசாமைச் சுற்றி வரவேண்டியதாயிற்று. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் வான்வெளி மீது முழு இறைமை உண்டு என்பதை 1944-ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கை ஏற்றுள்ளது. ஆகவே விமானம் நேர்வழியே பறப்பதும் வங்கதேசத்தின் இசைவைச் சார்ந்ததே.

விமானம் நோயாளியையும் மாணவரையும் அதிகாரியையும் விரைவில் கொண்டு சேர்க்கும். அரிசி, சிமெண்டு, பெட்ரோல் போன்றவற்றை அவ்வாறு பேரளவில் கொண்டு செல்ல இயலாது. சுற்றுவழியின் செலவு அவற்றின் விலையில் ஏறி, இறுதியில் சாதாரண நுகர்வோரையே சேர்கிறது. திரிபுராவில் 726 மெகாவாட் திறனுள்ள பாலாட்டனா மின்நிலையம் அமைக்கப்பட்டபோது, அதன் கனரக இயந்திரங்கள் வங்கதேசத்தின் ஆசுகஞ்ச் ஆற்றுத் துறைமுகம் வழியாகவே கொண்டுவரப்பட்டன. மலைப்பாதையில் அத்தகைய பாரங்களைக் கொண்டு செல்வது மிகக் கடினம்.

நிலைமை படிப்படியாக மாறி வருகிறது. 2008-இல் மீட்டர் பாதையும் 2016-இல் அகலப் பாதை ரயில் சேவையும் அகர்தலாவை எட்டின. 2023 நவம்பர் 1 அன்று அகர்தலா–அகௌரா ரயில் இணைப்பு தொடக்கி வைக்கப்பட்டது. இதன் நீளம் சுமார் 12 கி.மீ. மட்டுமே. எனினும் தண்டவாளம் இடுவதோடு பணி நிறைவுறாது. சுங்கம், குடிநுழைவு, பாதுகாப்பு ஆகியவற்றில் இரு நாடுகளின் தொடர்ந்த ஒத்துழைப்பும் தேவை.

தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்து திட்டம் தீட்டுதல் போதாது. பயண நேரம், கட்டணம், சரக்குச் செலவு ஆகியவற்றையும் சேர்த்து அளக்க வேண்டும். விமானச் சீட்டு வாங்க இயலாத குடிமகனுக்குக் கொல்கத்தா இன்றும் ஒன்றரை நாள் தொலைவிலேயே உள்ளது. அவருடைய தொலைவைக் குறைப்பதே போக்குவரத்து வளர்ச்சியின் உண்மையான அளவுகோலாகும்.